முதல் பத்து நாட்கள்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழாவில் உரையாற்ற வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் மகாராஜபுரத்தில் இருந்துகொண்டு, அதுவும் இந்தச் சங்கத்தின் மேடையில் நின்றுகொண்டு, கல்வியின் சிறப்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனை உணர்ந்ததனால் அன்றோ இச்சங்கம் தோன்றிற்று? கல்வி முடிந்து, தேர்வில் தேறி, பணி நியமன ஆணை கைக்கு வந்த பின்னர் நம் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதனை மட்டும் நாம் மேடைகளில் பேசுவதில்லை. இன்று அதனையே பேச விழைகின்றேன்.

சென்ற ஆண்டு நம் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்திக்குக் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் செவிலியர் பணி கிடைத்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் அந்தப் பெண் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா, சார்? போய் இறங்குன அன்னைக்கு ராத்திரி எங்க படுக்குறது?" என்று கேட்டாள். எத்தனையோ தேர்வுகளை எழுதிய பெண். அவளுக்கு விடை தெரியாத வினா இஃது ஒன்றுதான். அவள் கேட்ட கணத்தில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே வினாவோடு ஒரு கடற்கரை ஊரில் போய் இறங்கிய இளைஞன் ஒருவன் என் நினைவுக்கு வந்தான். அந்த இளைஞன் நான்தான்.

1996-ஆம் ஆண்டு எனக்கு மண்டபம் பகுதியில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பணி நியமனம் கிடைத்தது. நம் ஊரோ மேற்கு மலையின் அடிவாரம். கண்ணைத் திறந்தால் மலை. காதைத் தீட்டினால் கண்மாய் மடையில் நீர் விழும் ஓசை. மண்டபமோ கிழக்குக் கடற்கரை. இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். என் ஆசிரியர்களின் காலத்தில் இவ்விரண்டு ஊர்களும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985-இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் நாம் விருதுநகர்ப் பக்கம் வந்தோம். ஆயினும் என் தந்தையாருக்கு மதுரைக்குக் கிழக்கே உலகம் இருப்பது செவிவழிச் செய்திதான். அவர் நெல் வயலிலும் தென்னந்தோப்பிலும் கூலிக்கு உழைத்தவர். கடலைக் கண்டவர் அல்லர்.

கிருஷ்ணன்கோவிலில் பேருந்து ஏறி மதுரை சென்று, அங்கிருந்து அந்நாளைய மீட்டர்கேஜ் ரயிலில் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் கடந்து மண்டபத்தில் இறங்கினேன். கையில் ஒரு தகரப்பெட்டி. அதனுள் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, சான்றிதழ்கள். பள்ளியில் பணியேற்புக் கடிதம் எழுதிக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தங்குவதற்கு ஒரு வீடு பிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதே நான் சொல்ல வந்த கதை.

முதல் வீட்டில் வாடகை பேசி முடித்த பின்னர், "சாருக்கு எந்த ஊர்?" என்றார்கள். மகாராஜபுரம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" என்றார்கள். சொன்னேன். "மகன் வர்றதா எழுதியிருக்கான், வீடு அவனுக்கு வேணும்" என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் இவ்வாறே. அங்கே வீட்டிற்கு வெள்ளை அடிக்க வேண்டியிருந்ததாம்! இதனை அந்த ஊரின் குற்றமாக நான் கூறவில்லை. தெருவின் பெயரைக் கேட்டே மனிதனை அளக்கும் வழக்கம் நம் சொந்த ஊரில் இல்லையா? ஊர் ஊராகப் பரவிய நோய், கடற்கரை என்பதற்காக ஒதுங்கி நின்றுவிடுமா?

மூன்றாம் வீட்டில் நான் பொய் சொன்னேன். நம் ஊரில் வேறு ஒரு தெருவின் பெயரைச் சொன்னேன். உடனே சாவி கிடைத்தது.

இளைஞர்களே, இந்தச் செய்தியை நான் இதுகாறும் எந்த மேடையிலும் கூறியதில்லை. இன்று கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் பயின்ற அவர், உதவித்தொகைக்கு ஈடாக அந்த அரசில் பணியாற்றும் கடமைப்பட்டு, 1917-இல் பரோடா சென்றார். புதிய ஊர், புதிய பணி. தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறச் சொல்லிற்று. நண்பர்களின் இல்லங்களிலும் இடம் கிட்டவில்லை. உலகம் போற்றும் பல்கலைக்கழகத்தில் பயின்ற அந்த மேதை, பொதுப்பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டு, அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார். அவரே தம் கைப்பட எழுதி வைத்திருக்கும் வரலாறு இது. பின்னாளில் இந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவராக அமர்ந்தவருக்கு, ஒரு காலத்தில் ஓர் ஊரில் பத்து நாட்களுக்கு மேல் கூரை கிடைக்கவில்லை.

நான் சொன்ன பொய்யை நியாயப்படுத்த இதனைக் கூறவில்லை. அத்தகைய பொய்யைச் சொல்லும் நிலைக்கு ஆளாவதில் நமக்கு இழிவில்லை, ஆளாக்குபவர்க்கே இழிவு என்பதற்காகக் கூறுகின்றேன். ஆயினும் அந்தப் பொய்க்கு ஒரு விலை உண்டு. அதனையும் நீங்கள் கேட்க வேண்டும்.

அவ்வாண்டு ஜூன் திங்களில் என் தந்தையார் என்னைக் காண வந்தார். தோளில் ஒரு சாக்குப்பையில் மாம்பழங்கள். ரயிலடியிலிருந்து வீட்டிற்கு நடந்து வருகையில், நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா, வீட்டுக்காரங்க தெருவக் கேட்டா நம்ம தெருப் பேரைச் சொல்லாதீங்க" என்றேன். அவர் நின்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டார். என்னை ஏசவில்லை, கோபமும் கொள்ளவில்லை. "கேட்டாகன்னா எங்கய்யா ஊமைன்னு சொல்லிருய்யா" என்றார். அன்று மாலை முழுவதும் அந்த வீட்டுத் திண்ணையில் என் தந்தையார் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். நெல் நடவின்போதும் களத்துமேட்டிலும் அவர் வாய் ஓயாது. அன்று வீட்டுக்கார அம்மையார் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கும்பிட்டதோடு சரி. மறுநாள் விடியற்காலை முதல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். கடலைக் காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் பார்க்காமலே போனார்.

அந்த மாதம் முடிவதற்குள் அவ்வீட்டைக் காலி செய்தேன். பொய் சொல்லிப் பெற்ற வீட்டின் வாடகையில் ஒரு பகுதியை நாம் பணமாகச் செலுத்துகின்றோம். எஞ்சியதை நம் பெற்றோர் செலுத்துகின்றனர்.

அடுத்து நான் சென்றது ஒரு முஸ்லிம் மூதாட்டியின் வீடு. அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, வாசலில் நின்றவாறு என் ஊர், தெரு, சாதி, தகப்பனார் செய்யும் தொழில் அனைத்தையும் கூறிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதெல்லாம் நான் கேட்டனா, தம்பி? மாசம் பொறந்தா வாடகை வந்துருமா, அதச் சொல்லுங்க" என்றார். ஆறாண்டுக் காலம் அந்த வீட்டில் வாழ்ந்தேன். என் மூத்த பிள்ளை அங்கேதான் தவழ்ந்தது.

அந்த ஊரைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஏனெனில் புதிய ஊருக்குப் பிழைக்கப் போகிறவன் அந்த ஊரின் வரலாற்றையும் வாழ்வையும் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிழக்கே நீண்டு செல்கிறது. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். ஒரு கடல் சினந்திருக்கும்போது மறு கடலில் வலை வீசி வாழும் மக்கள் அவர்கள். 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் தலைமையகம் கொண்டிருந்தது இந்த மண்டபம் முகாமில்தான். அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குச் சென்ற பின்னரும் மண்டபத்தில் அதன் மையம் தொடர்ந்து இயங்கி வருகிறது.

முகாம் என்று கூறினேன் அல்லவா? அந்தச் சொல்லோடு நம் சமுதாயத்திற்குப் பெரியதொரு தொடர்பு உண்டு. நம் வீடுகளில், "கண்டிச்சீமைக்குப் போனவர், திரும்பவேயில்லை" என்று ஏதேனும் ஒரு பாட்டனைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் பாட்டனாரின் தமையனும் அவ்வாறு சென்றவரே. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்தில், சென்றவர்களில் பெரும் பகுதியினர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்களே. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் செல்லத் தொடங்கிய பின்னர், இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில்தான் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். நோய் இல்லை என்பது உறுதியாகும் வரை சில நாட்கள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, பின்னரே கப்பலேற்றினர். கங்காணியிடம் பட்ட கடனும் கைநாட்டுமே அவர்கள் கொண்டு சென்ற சான்றிதழ்கள்.

அவர்களின் வழித்தோன்றல்கள் மீண்டும் அதே வழியே திரும்ப நேர்ந்தது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக ஏற்பதென 1974-இல் முடிவாயிற்று. இலட்சக்கணக்கானோரின் வாழ்வை இருவர் மேசையில் வைத்துப் பங்கிட்டனர். அவ்வாறு கப்பலில் திரும்பியோர்க்கும், 1983-க்குப் பின்னர் போருக்கு அஞ்சி வந்தோர்க்கும், மண்டபம் முகாமே முதல் கூரையாயிற்று.

பள்ளி விட்டு அந்த முகாமின் பக்கம் நடக்கும் மாலைகளில் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. என் பாட்டனாரின் தமையன் எழுத்தறியாமல், கடனாளியாய், எங்கே செல்கிறோம் என்றும் அறியாமல் இவ்வழியே சென்றார். நானோ அரசாங்க முத்திரையிட்ட ஆணையோடு இதே ஊரில் வந்து இறங்கியிருக்கின்றேன். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது நமக்குப் புதிதன்று. கையில் ஆணையோடு செல்வதுதான் புதிது. அவ்வாணையை, தங்க இடமில்லை என்ற அச்சத்தால் திருப்பிக் கொடுத்தோமானால், அந்த மூத்தோரின் துயரத்திற்கு நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

மற்றுமொரு குற்றத்தையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற புதிதில், மீன்கூடை ஏறிய பேருந்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வகுப்பில் உறங்கிய சிறுவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் விடியலுக்கு முன் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவன் என்பது பின்னர் தெரிந்தது. அதே பள்ளியில், தாய்மார் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிப் பாசி பறித்து ஈட்டிய காசில் படித்த பெண் பிள்ளைகளும் இருந்தனர். என்னைத் தெருவைக் கேட்டு ஒதுக்கியவர்களை எண்ணி இரவெல்லாம் வெதும்பிய நானே, பகலில் இன்னொரு மக்களை வாசனையைக் கொண்டு ஒதுக்கினேன். அந்தச் சிறுவன்தான் பின்னர் எனக்குக் காற்றுகளின் பெயர்களைக் கற்பித்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று அவன் விரல் மடக்கிச் சொன்னபோது, ஆசிரியன் எவன் என்ற ஐயம் எனக்கே எழுந்தது.

இனி இளைஞர்களுக்குச் சில கூறுவேன். இவை நூலில் படித்தவை அல்ல, பட்டு அறிந்தவை.

முதலாவதாக, ஆணை வந்தால் செல்லுங்கள். இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் குடியிருக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு உரிமை அளித்துள்ளது. பரோடாப் பூங்காவில் அமர்ந்திருந்தவர் தலைமை வகித்த குழு எழுதிய பிரிவு அது என்பதை மறவாதீர்கள். இன்று வேலை வாய்ப்பு மாநகரங்களில் மட்டும் இல்லை. கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய கடலோர ஊர்களில் அணுமின் நிலையங்கள் உள்ளன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடற்கரைச் சிற்றூர்களின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் உங்களை எதிர்நோக்கியிருக்கின்றன.

இரண்டாவதாக, சான்றிதழ்களைப் பேணுங்கள். கடற்காற்று இரும்பைத் தின்னும். என் தகரப்பெட்டி இரண்டாம் ஆண்டிலேயே துருவேறி, பட்டச் சான்றிதழின் ஓரம் கறைபட்டது. பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள்; சாதிச் சான்றிதழ் உட்பட அனைத்திற்கும் நகல் ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

மூன்றாவதாக, வீடு தேடும்போது தனியே அலையாதீர்கள். உடன் பணியாற்றும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சாதியைக் கேட்டு மறுத்தால் நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கப்பெறுவது அச்சட்டமே. எல்லா மறுப்புகளையும் சட்டத்தின் முன் நிறுத்துதல் எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் சட்டம் உண்டு என்று அறிந்தவனின் குரலும், அறியாதவனின் குரலும் வாசலில் வேறு வேறாக ஒலிக்கின்றன.

நான்காவதாக, சென்ற ஊரின் மக்களைத் தாழ்வாக எண்ணாதீர்கள். நமக்குச் செய்யப்பட்டதை நாம் பிறருக்குச் செய்வோமானால், நாம் பெற்ற கல்வி வெறும் ஏடுதான்.

நிறைவாக, சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் வந்த அந்தச் செவிலியர் பெண்ணின் கதையை முடிக்கவில்லை. அன்றிரவே எனக்குத் தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினேன். பக்கத்து ஊரைச் சேர்ந்த நம்மவர் ஒருவர் குடும்பத்தோடு அந்தக் கடற்கரை ஊரிலேயே வசிப்பது நான்காவது அழைப்பில் தெரிய வந்தது. அவர் மனைவி ரயிலடிக்கே வந்து அப்பெண்ணை அழைத்துச் சென்றார். பத்து நாட்கள் அவர்கள் வீட்டில் தங்கினாள். பதினோராவது நாள் தனக்கென ஒரு வீடு பிடித்துக் குடியேறினாள். பொய் எதுவும் சொல்லவில்லை. தகப்பனாரை வரவழைத்துப் பத்து நாள் வைத்திருந்து அனுப்பியும் இருக்கிறாள்.

எனவே நான் கேட்பது பெருந்தொகையன்று, ஒரு பதிவேடு. நம் ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் பணியின் பொருட்டு வெளியூர்களில் வாழும் நம் மக்களின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும், அவரவர் இசைவோடு அப்பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். புதிதாகப் பணி கிடைத்த பிள்ளை எந்த ஊருக்குச் செல்வதாயினும், அந்த ஊரிலோ அதற்கு அண்மையிலோ ஒரு கதவு அவனுக்காக, அவளுக்காகத் திறக்க வேண்டும். பத்து நாட்களுக்குப் போதும். அதற்குள் அவர்களே தம் கால்களில் நின்றுகொள்வர். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சங்கம், படித்த பிள்ளையின் முதல் இரவுக்கும் பொறுப்பேற்கட்டும். அப்பதிவேட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ள என் முகவரியை இப்போதே எழுதிக் கொண்டு வந்திருக்கின்றேன்.

என் தந்தையார் மறு ஆண்டு மீண்டும் மண்டபம் வந்தார். அந்த மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து, நம் ஊரையும் நம் தெருவையும் பற்றி இரவு வெகுநேரம் வரை பேசினார். அவரை நிறுத்துவதே பெரும்பாடாயிற்று. மறுநாள் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வயலுக்குப் பாய்ச்ச முடியாதேய்யா!" என்று வருந்தினார். அவர் இன்று இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் கால் நனைத்து அவர் உரக்கச் சிரித்த சிரிப்பு என் காதில் இருக்கிறது. நம் பெற்றோர் எந்த ஊருக்கு வந்தாலும் வாய் திறந்து பேசும்படி நாம் வாழ வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.